தம் கட்டாமல் தூக்குவது எப்படி? அடிதள்ளல் உள்ள பெண்களுக்கு, குனிவதும் நிமிர்வதும் பற்றி

காலையில் எழும்போது ஒன்றும் தெரியாது. வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, மத்தியானம் தாண்டும்போது கீழே ஏதோ கனக்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் கால் கழுவக் குந்தினால் உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்படும். ராத்திரி படுத்தால் உள்ளே போய்விடும். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் கர்ப்பப்பை இறக்கம். நம் பக்கத்துப் பெரியவர்கள் அடிதள்ளல் என்றும், அடி இறங்கிவிட்டது என்றும் சொல்வது இதைத்தான். பல பெண்கள் இதைப் புற்றுநோய்க் கட்டி என்று பயந்துகொண்டோ, வெளியே சொல்லக் கூச்சப்பட்டோ வருடக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. பிள்ளை பெற்ற பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இது.

எது இறங்குகிறது? கர்ப்பப்பை என்று சொன்னாலும் எப்போதும் அது மட்டும் இறங்குவதில்லை. முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை இறங்கும். பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் புடைக்கும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குக் கூட யோனியின் மேல்முனை கீழே இறங்கலாம். "எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே" என்று அவர்கள் விட்டுவிடக் கூடாது. மருத்துவர்கள் இறக்கத்தை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் இறக்கம் உள்ளேயே நிற்கும், உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். இரண்டாம் நிலையில் யோனி வாயருகே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ இருக்கும். மூன்றாம் நிலையில் அதையும் தாண்டி வெளியே வரும். நான்காவதில் முழுவதுமாக வெளியே வந்துவிடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் முறைகள் எல்லா நிலையிலும் உதவும். முதல் இரண்டு நிலைகளில் பலன் அதிகம்.

இனி, தூக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். இடுப்புக் கூட்டின் அடியில், முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் ஏணைத் துணி போலத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. அவைதான் அடித் தசைகள். கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாம் இந்த ஏணைமேல் உட்கார்ந்திருக்கின்றன. மேலே தசைநார்கள் கயிறு போல அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரசவத்தில் துணி இழுபடுகிறது, சிலருக்குக் கிழியவும் செய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு கயிறும் மெலிகிறது. நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன.

வயிறு ஒரு மூடிய பை. மேலே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம், முன்னால் வயிற்றுத் தசை, பின்னால் முதுகு, அடியில் இந்த ஏணை. தம் கட்டி முக்கினால் மேல்மூடி கீழே அமுங்கும், முன்சுவர் இறுகும், உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே போகும்? ஐப்பசி மழையில் வயல் நிரம்பினால் தண்ணீர் எந்த இடத்தில் வரப்பு மெலிந்திருக்கிறதோ அங்கேதான் உடைத்துக்கொண்டு ஓடும். வயிற்றிலும் அதே கதைதான். மெலிந்த இடம் அடியில் இருந்தால் எல்லாப் பாரமும் அங்கே இறங்கும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு முக்கியமான முடிவுக்கு வரலாம். கனம் எவ்வளவு என்பதைவிட, தூக்கும்போது தம் கட்டுகிறீர்களா என்பதுதான் பெரிய கேள்வி. பத்துக் கிலோவை மூச்சு விட்டுக்கொண்டே இடுப்பு மட்டத்திலிருந்து எடுப்பவருக்கு ஆகும் கெடுதலைவிட, ஐந்து கிலோவைத் தரையிலிருந்து தம் பிடித்துத் தூக்குபவருக்கு அதிகமாகலாம். அளந்து பார்த்தவர்கள் கண்டதும் இதுதான்: அதே எடையை மேசை உயரத்திலிருந்து எடுப்பதைவிடத் தரையிலிருந்து எடுக்கும்போது வயிற்றழுத்தம் கூடுகிறது. பலமாக ஒரு முறை இருமினாலே பல சிறு சுமைகளைத் தூக்குவதைவிட அதிக அழுத்தம் உண்டாகிறது. அதனால் "இனிமேல் ஒரு துரும்பையும் எடுக்காதே" என்று வீட்டில் முடக்கிப் போடுவது வைத்தியம் ஆகாது. உடம்பு அசையாமல் இருந்தால் தசை இன்னும் தளரும், மலச்சிக்கல் வரும், எடை ஏறும். மூன்றும் இறக்கத்தை மோசமாக்கும்.

குடம் தூக்கும் முறை

ஒரு குடத்தை எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் குடம் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பித்தளைக் குடமானால் அதன் கனமும் சேரும். முதல் வேலை, அந்தக் குடத்தைத் தரையில் வைக்காமல் இருப்பது. குழாயடியில் இரண்டு செங்கல் அடுக்கு, ஒரு பழைய ஸ்டூல், திண்ணை விளிம்பு, எதுவானாலும் சரி, முட்டி உயரத்துக்கு மேல் இருக்கட்டும். பாதி நிரப்பி இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள். நடை கூடும், பாரம் குறையும். குழாய்க்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டினால் அடுப்படித் தொட்டிக்கே நேராக விட்டுவிடலாம். இருநூறு ரூபாய் டியூபை வாங்க யோசிக்கும் வீட்டில்தான் அந்தக் குடங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை இடுப்பேறுகின்றன.

எடுக்கும் முறை இதுதான். கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, ஒரு காலைச் சற்று முன்வைத்து, குடத்துக்கு மிக நெருங்கி நில்லுங்கள். கை நீட்டி எட்டிப் பிடித்தால் அதே குடம் இரட்டிப்பாகக் கனக்கும். முதுகைக் கூன் போடாமல், பின்புறத்தைப் பின்னே தள்ளி இடுப்பில் மடங்குங்கள். முழங்காலும் கொஞ்சம் மடங்கட்டும். குடத்தின் கழுத்தை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுங்கள். இப்போது அடித் தசையை மேல்நோக்கி இழுங்கள், சிறுநீரை நடுவில் நிறுத்துவது போல, காற்றுப் பிரிவதை அடக்குவது போல. இழுத்தபடியே, சூடான காபியை ஆற்றுகிற மாதிரி வாயைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டே காலால் அழுத்தி எழுந்திருங்கள். குடம் உடம்போடு ஒட்டியே வரட்டும். திரும்ப வேண்டுமானால் பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். வைத்து முடித்ததும் தசையை முழுக்கத் தளர்த்துங்கள்.

இந்த வரிசையில் பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில். தூக்கி முடித்த பிறகு மூச்சு விடுகிறார்கள். அதற்குள் அழுத்தம் இறங்கியாயிற்று. மூச்சு வெளியேறுவதும் குடம் எழுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இன்னொன்று, இழுக்கச் சொன்னால் பிட்டத்தை இறுக்கி வயிற்றைத் தள்ளுகிறார்கள். அது முக்குதல். சந்தேகம் இருந்தால் படுத்துக்கொண்டு யோனி வாயருகே கையை வைத்துப் பாருங்கள். சரியாக இழுத்தால் அந்த இடம் உள்ளே சுருங்கி ஏறும். வெளியே புடைத்தால் தப்பாகச் செய்கிறீர்கள். அப்படியானால் நிறுத்திவிட்டு, பெண்களுக்கான இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள்.

குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது பழக்கமாகிவிட்டது. ஒரே பக்கம் சாய்ந்து நடப்பதால் முதுகுக்கும் நல்லதில்லை. இரண்டு சிறிய வாளியில் சமமாகப் பிரித்து இரு கையிலும் எடுப்பது மேல். தலைச்சுமையில் தூக்கிவிடுகிற கணம்தான் ஆபத்து. சுமந்து நடப்பது அவ்வளவு இல்லை. "அக்கா, ஒரு கை பிடிங்க" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இறக்கிவைக்கும்போதும் ஒருவர் பிடித்தால் நல்லது.

எதை எவ்வளவு தூக்கலாம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. அளவுகோல் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. தூக்கும்போது தம் கட்டாமல் முடியவில்லையா, அது உங்களுக்கு அதிகம். தூக்கும்போதோ அன்று சாயங்காலமோ கீழே பாரம் கூடினாலும், உருண்டை முன்னைவிட வெளியே தெரிந்தாலும் அதிகம்தான். மறுநாள் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

சில சுமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கேஸ் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. உருளையின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. இதை யாரும் தனியாகத் தூக்கக் கூடாது. கொண்டு வருபவரையே அடுப்பருகே வைத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். நெல் கொள்முதல் நிலையத்துச் சாக்கு 40 கிலோ. அதைத் தொடவே வேண்டாம். ரேஷன் அரிசியை 20 கிலோவாக ஒரே பையில் தூக்கிவராமல் நாலைந்து பையாகப் பிரித்துச் சைக்கிளிலோ வண்டியிலோ வைத்து வாருங்கள். ஒரு வயதுக் குழந்தை ஒன்பது, பத்துக் கிலோ இருக்கும். குழந்தையைத் தரையிலிருந்து வாரித் தூக்காமல், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறவிட்டு, பிறகு எழலாம். அப்படி எழும்போதும் மூச்சு விட்டுக்கொண்டே எழுங்கள்.

சமையலறையில் பெரும்பாலான சுமை உயரத்தால் வருகிறது. அரிசித் தூக்கு, மாவுப் பாத்திரம், குக்கர் போன்ற கனமானவை இடுப்பு மட்டத்துக்கும் மார்பு மட்டத்துக்கும் நடுவே இருக்கட்டும். பரணிலும் அடித்தட்டிலும் இலேசானவை இருக்கட்டும். கிரைண்டர் மாவைக் கல்லோடு பானையாகத் தூக்காமல் கரண்டியால் அள்ளி எடுங்கள். சோறு வடிக்கும் பானையைத் தரையிலிருந்து தூக்கிச் சாய்ப்பதற்குப் பதில், இரண்டு சிறு பானையில் வைத்து மேடையிலேயே வடியுங்கள்.

வயலில்

நடவு, களை பறிப்பு இரண்டும் குனிந்தே நாள் முழுக்கச் செய்யும் வேலைகள். பலர் "குனியவே கூடாதாமே, நடவுக்குப் போக முடியாதா?" என்று கேட்கிறார்கள். குனிவதே இறக்கத்தை உண்டாக்குவதில்லை. சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கத் தம் கட்டுவதும், குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிர்வதும், கனமான நாற்று முடிச்சை எட்டி இழுப்பதும்தான் சிக்கலைக் கொடுக்கின்றன.

நடும்போது முழங்காலைச் சற்று மடக்கி, நாற்றுப் பிடித்த கையின் முன்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். நம் பெண்கள் பலர் இயல்பாகவே இப்படித்தான் நிற்கிறார்கள், நல்ல வழக்கம். வரப்புக்கு வந்ததும் கையால் தொடையை ஊன்றி, மூச்சு விட்டபடி மெல்ல நிமிர்ந்து, ஒரு நிமிடம் நின்று, அடித் தசையை ஐந்தாறு முறை இழுத்துவிடுங்கள். காலை எடுக்கக் கஷ்டமான இடத்தில் குதிகாலை முதலில் ஆட்டித் தளர்த்தி, பிறகு மூச்சு விட்டுக்கொண்டே எடுங்கள். நாற்றங்காலில் பறிக்கும்போது ஒரு கைப்பிடியில் கொஞ்சமாகப் பிடியுங்கள். நிறைய சேர்த்துப் பிடித்து முழு பலத்தோடு இழுக்கும்போதுதான் தம் கட்டிக்கொள்கிறோம். முடிச்சுகளை வயலுக்குள் பரப்புவது, தலைச்சுமையாக எடுத்துச் செல்வது, இரண்டையும் அந்த நாளுக்கு வேறொருவர் செய்யட்டும். கூட்டத்தில் யார் எதைச் செய்வது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் சங்கடம் இல்லை.

மாடு வைத்திருப்பவர்கள் சாணியைக் கூடையில் நிறைய அள்ளாமல் பாதிக் கூடையாக அள்ளுங்கள். குந்தி அள்ளுவதைவிட நீண்ட பிடி போட்ட அகப்பை நல்லது. குந்தும்போது இடுப்பின் கீழ்வாய் அகலமாகத் திறப்பதால், சிலருக்கு உருண்டை அப்போதுதான் அதிகம் தெரியும். கொஞ்ச நேரம் குந்தலாம், நெடுநேரம் வேண்டாம். பால் கறக்கவும், பாத்திரம் கழுவவும், கீரை ஆயவும் ஒரு அடி உயர முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பத்துக்குக் கம்பு கட்டி நீட்டுவது அரை மணி நேர வேலை. அது வருடம் முழுக்க இடுப்புக்கு உதவும்.

தரையிலிருந்து எழுவதும் ஒரு தூக்கல்தான். நாம் சாப்பிடுவதும் நறுக்குவதும் தரையில். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, சுவரையோ நாற்காலியையோ பிடித்து, மூச்சு விட்டுக்கொண்டே எழுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழுந்து உட்காராமல் ஒருக்களித்து, முழங்கையால் ஊன்றி எழுங்கள்.

தசையைப் பலப்படுத்துவது

மேலே சொன்ன எல்லாம் அழுத்தத்தைக் குறைப்பவை. ஏணையைப் பலமாக்குவது பயிற்சியின் வேலை. அடித் தசையை இழுத்துப் பிடித்து விடும் இந்தப் பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே கெகல் பயிற்சி என்கிறார்கள். ஆரம்பத்தில் படுத்துக்கொண்டு செய்யுங்கள். இழுத்து மூன்று எண்ணிக்கை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பலம் வர வர எட்டு, பத்து வரை நீட்டுங்கள். ஒரு முறைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு, நாளைக்கு மூன்று முறை. அதோடு வேகமாக இழுத்து விடும் சிறு இழுப்புகள் பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து, நின்று செய்யலாம். சிறுநீரை அடக்கி நிறுத்துவதை அடிக்கடி பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது எந்தத் தசை என்று ஒரு முறை அறிந்துகொள்ள மட்டும்தான்.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. முதல் இரண்டு நிலை உள்ளவர்களுக்குக் குறைந்தது 16 வாரம் கண்காணிப்போடு செய்யச் சொல்கின்றன இங்கிலாந்தின் 2019 மருத்துவ வழிகாட்டுதல்கள். மாசித் தொடக்கத்தில் ஆரம்பித்தால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வாக்கில் நான்கு மாதம் முடிந்திருக்கும். குறுவை நடவுக்கு இறங்கும்போது தசை ஓரளவு தயாராக இருக்கும். நடவுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கினால் அது கிடைக்காது.

மலச்சிக்கலையும் இருமலையும் விட்டுவிட்டுத் தூக்கும் முறையை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் நடக்கும். முக்காமல் மலம் போக வேண்டும். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பயறு வகைகள் தினமும் ஏதாவது ஒன்றாவது தட்டில் இருக்கட்டும். மேற்கத்திய கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு சிறு முக்காலி வைத்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பின்சுவர் புடைப்பால் மலம் சிக்கிக்கொள்கிற மாதிரி இருந்தால், சுத்தமான கையால் ஆசனவாய்க்கும் யோனிக்கும் இடைப்பட்ட இடத்தை மெல்லத் தாங்கிப் பிடித்தால் எளிதாகும். பலர் வெட்கப்பட்டுக் கேட்காத விஷயம் இது, மருத்துவமனையிலும் சொல்லித் தருவார்கள். இருமல் வருவதற்கு முன் அடித் தசையை இழுத்துப் பிடித்து, பிறகு இருமுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள். காசநோய்ப் பரிசோதனையும் அதில் சேரும். விறகடுப்புப் புகையும் நெல் தூசியும் தினமும் இருமவைத்தால் மூக்கை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். வயிற்றை இறுக்கிக் கட்டும் துணியோ, இறுகிய பாவாடை நாடாவோ கீழே பாரத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தால் தளர்த்துங்கள்.

கனமான வேலைகளைக் காலையில் முடித்துவிட்டு, மத்தியானம் இருபது நிமிடம் இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துப் படுங்கள். நின்றபடியே நாள் முழுக்க இருப்பவர்களுக்கு இதுவே நல்ல மருந்து. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் குறைந்தது ஆறு வாரம் கனமானதைத் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகு எப்போது, எவ்வளவு என்பதை அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இறக்கம் அதிகமாக இருந்து வேலையை நிறுத்த முடியாதவர்களுக்கு யோனிக்குள் வைக்கும் வளையம் ஒன்று உண்டு. அளவு பார்த்து மருத்துவர் பொருத்துவார். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்த்து மீண்டும் வைப்பார்கள். சிலர் தாங்களே எடுத்துப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். வளையம் போட்டிருந்தாலும் தம் கட்டித் தூக்கினால் நழுவி வரும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு முறைகளை விட்டுவிட்டு அன்றே போக வேண்டும். சிறுநீர் வரவே மாட்டேன் என்கிறது, வெளியே வந்தது உள்ளே போகவில்லை, அதன்மேல் புண்ணாகி இரத்தமோ துர்நாற்றமோ வருகிறது, காய்ச்சலோடு அடிவயிறு வலிக்கிறது, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் காண்கிறது. இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு நேரே செல்லுங்கள். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனையில் இதற்கான பிரிவு உண்டு. வேறு ஊரில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் எங்கே போவது என்று கேளுங்கள். போகும்போது மூன்று விஷயம் சொன்னால் போதும்: எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அதிகம், சிறுநீர் கழிப்பதிலோ மலம் கழிப்பதிலோ என்ன மாற்றம். மருத்துவர் படுக்கவைத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாவிட்டால், நின்றுகொண்டோ இருமியோ பார்க்கச் சொல்லுங்கள். படுத்தால் உள்ளே போய்விடும் இறக்கம் அப்போதுதான் வெளியே வரும்.